சாப்பிட்டியா என்று கேட்ட குரல்

கமலாத்தாளுக்குப் பொய் சொல்ல வராது. அறுபதை எட்டப் போகும் வயதில் முதன்முதலாக ஒன்று சொல்லிப் பார்த்தாள், அதுவும் சோறு போட்டுக்கொண்டே. கேட்டவளுக்கு அது பொய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பெயர் கௌலத். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் மனநலத் திட்டத்தில் கேஸ் மேனேஜர். பெயரைக் கேட்டால் ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று தோன்றும். உண்மையில் ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு தோள்பை, வெயிலுக்குத் தலையோடு இழுத்துக் கட்டிய துப்பட்டா, அவ்வளவுதான். வேலந்தாவளத்திலிருந்து எருத்தேன்பதி வரை தென்னந்தோப்புகளுக்குள் தனித்தனியாகக் கிடக்கும் வீடுகளுக்குப் போக வேண்டும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களைப் பார்க்க வேண்டும். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா குப்பைக்குழிக்குப் போகிறதா என்று விசாரிக்க வேண்டும். பிறகு கிளினிக் நாளன்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் வீடு வீடாக வர முடியாது. கௌலத் சொல்வதை வைத்துத்தான் மருந்து கூடும், குறையும்.

அவளுக்குப் பாலக்காட்டில் கடைவீதிக் குடும்பம். அத்தா மம்மதுவின் துணிக்கடை அண்ணன் கைக்குப் போனது. கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் ஹஸீனா கல்யாணமாகி தோஹாவில் இருக்கிறாள். வாட்ஸப்பில் குரலாக மட்டும் வருவாள். ‘அம்மா, அப்புறம் பேசறேன்’ என்பதிலேயே அந்தக் குரலில் பாதி தீர்ந்துவிடும். கௌலத் சித்தூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். பகலெல்லாம் ஊரார் வீடுகளில் போய், “தனியா உக்காந்திருக்காதீங்க, நாலு பேரோட பேசிப் பழகுங்க” என்று புத்தி சொல்லிவிட்டு, சாயங்காலம் புரோட்டா பார்சலோடு வந்து பூட்டைத் திறக்கும்போது அவளுக்கே சிரிப்பு வரும். சிரித்துக் காட்டத்தான் ஆளிருக்காது.

கமலாத்தாள் கதை வேறு. எருத்தேன்பதிக்கு வெளியே தோப்புக்குள் வீடு. கணவன் இறந்தாயிற்று. மகன் ராஜசேகர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், பொங்கலுக்கு வருவான். இடையில் ஒரு கெட்ட காலம் வந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து ஆட்கள் தன்னை அசிங்கமாகத் திட்டுகிறார்கள் என்றாள். கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்றாள். சோறாக்குவதையே நிறுத்திவிட்டு, யாரும் எதையும் கலக்க முடியாது என்று தேங்காயையும் முட்டையையும் மட்டும் உடைத்துத் தின்று உயிர் பிழைத்தாள். ஒருநாள் அரிவாளோடு பக்கத்துத் தோப்புக்குள் புகுந்தபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, போலீஸ், கடைசியாக டிரஸ்ட்.

கௌலத் அந்த வீட்டுக்கு முதலில் போனபோது கதவு திறக்கவில்லை. பிறகு கதவு திறந்தது, பேச்சு வரவில்லை. மாதங்கள் போய் ஒருநாள் கமலாத்தாள் ஒரு இளநீரை வெட்டாமல் அப்படியே அவள் முன்னால் வைத்து, அரிவாளையும் பக்கத்தில் வைத்தாள். நீயே வெட்டிக் குடி, நான் ஒன்றும் கலக்கவில்லை என்று அர்த்தம். பாலக்காட்டு டவுன்காரிக்கு இளநீர் வெட்டத் தெரியுமா? பாதி தண்ணீர் மடியில் ஊற்றிக்கொண்டாள். கமலாத்தாள் சிரித்தாள். அன்றிலிருந்து மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது, குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, அடுப்பு எரிந்தது. கௌலத் வரும் வியாழக்கிழமைகளில் அரிசியும் பருப்பும் சேர்த்து அரிசிம்பருப்பு ஆக்கி, மேலே நெய் ஊற்றி வைத்திருப்பாள். கௌலத் முட்டிவலியை விசாரித்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தச் சோறு கௌலத்துக்கு அந்த வாரத்தின் ஒரே வீட்டுச் சோறு.

டிரஸ்டில் ஒரு விதி உண்டு. ஒருவருக்கு ஒரு வருஷம் நோய் தலைகாட்டாமல் இருந்தால் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட வேண்டும். மாத்திரையை ஊர்ச் சுகாதாரம் பார்க்கும் ஆஷா ஊழியர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். காத்திருக்கிற வேறு வீட்டுக்கு அந்த வியாழக்கிழமை போகும். முடித்த வீட்டுக்கு உறவு கொண்டாடிக்கொண்டு போகவும் கூடாது. விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எருத்தேன்பதி ஆஷா ஊழியர் ஆனந்தி, நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில், “இன்னி கொஞ்ச நாள்தானுங்க்கா, அப்பறம் மாத்தரக்காரம்மா வரமாட்டாங்க, உங்களுக்கு நல்லாயிருச்சு” என்று கமலாத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வியாழன்தான் அந்தப் பொய்.

“அம்மிணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க” என்றாள் கமலாத்தாள், கரண்டியைத் தட்டில் தட்டியபடி.

“சொல்லுங்க்கா.”

“மறுக்காவும் கேக்குதுங்க.”

“என்னதுங்க்கா?”

“அதானுங்க, சத்தம். ஆளில்லாம பேசுது.”

கௌலத்தின் கை சோற்றிலேயே நின்றது. “என்ன சொல்லுது?”

அந்தக் கேள்விக்குக் கமலாத்தாள் தயாராக வரவில்லை. அடுப்பைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், சோற்றைப் பார்த்தாள்.

“சாப்ட்டியான்னு கேக்குதுங்க.”

“வேற?”

“வெயில்ல எதுக்கு நிக்கறேன்னு கேக்குது. முட்டிவலி எப்பிடி இருக்குதுன்னு கேக்குது. அப்பிடித்தானுங்க, எதாச்சும் கேட்டுட்டே இருக்குது.”

கௌலத் இந்த வேலையில் எத்தனையோ குரல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். கொல்லச் சொன்ன குரல், குதிக்கச் சொன்ன குரல், பெற்ற தாயை நம்பாதே என்ற குரல். முட்டிவலியை விசாரித்த குரலை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதுபோக, நிஜமாகவே கேட்ட காலத்தில் கமலாத்தாள் அதைப் பற்றி இவளிடம் தானாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது நெய் ஊற்றிக்கொண்டே சொல்கிறாள்.

‘ஏனுங்க்கா, என்கிட்டயே கதை விடறீங்களா’ என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கௌலத் கேட்கவில்லை. கேட்டால் வியாழக்கிழமை போய்விடும். அது கமலாத்தாளுக்கு மட்டுமா போகும்? இன்னும் கொஞ்ச காலம் இழுத்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

“சரிங்க்கா, டாக்டர்கிட்ட சொல்லிப் பாக்கறேன்” என்றாள்.

கமலாத்தாள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

டாக்டர் ஜோமோள் இளவயது. இடுக்கிக்காரி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்ததால் தமிழ் தெற்கத்திப் பக்கத்துத் தமிழாகவே வரும். கௌலத்தை, மலையாள முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, இத்தா என்றுதான் கூப்பிடுவார். அந்த முறை கிளினிக்கில் கௌலத் மற்ற வீடுகளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கமலாத்தாளுக்கு மட்டும் லேசா சத்தம் கேக்குதுங்கறாங்க டாக்டர்.”

சரி, பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் சில மாதம் போய்வாருங்கள் என்பார் என்று எதிர்பார்த்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அருவா எடுத்தவங்கல்லா அவங்க?”

“அது அப்போ டாக்டர். இப்போ ஒண்ணும் அப்படி…”

“தனியா இருக்காங்க. பெறகு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? டோஸக் கூட்டிருவோம்.”

“கூட்டணுமா? கொஞ்சம் பாத்துட்டு…”

“இத்தா, வேற யாரும் சொல்லிருந்தா நேர்ல பாத்துட்டுத்தான் எழுதுவேன். நீங்க சொல்லுதீங்க. எனக்கு சம்சயமே இல்ல.”

கௌலத்துக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

புது மாத்திரையைக் கொடுக்கும்போது ஒரு குறிப்புக் காட்டிப் பார்த்தாள். “ரொம்ப அசதியா இருந்தா சாப்பிடணும்னு இல்லீங்க்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.” கமலாத்தாள் தலையாட்டினாள். சாப்பிட மாட்டாள், எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவாள் என்று கௌலத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது என்று அத்தனை நாளும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்பது அந்த நேரத்தில் வசதியாக மறந்துபோயிற்று.

அடுத்த வியாழன் அரிசிம்பருப்பு அடிப்பிடித்திருந்தது. கமலாத்தாள் மெதுவாக நடந்தாள். பேச்சில் ஒரு இழுப்பு. தட்டை நீட்டும்போது கை நடுங்கி நெய் தரையில் சிந்தியது. கௌலத் துடைத்தாள். “ஏங்க்கா, மாத்தரை ஒத்துக்கலையா?” என்று கேட்டாள். “ஒத்துக்குதுங்க” என்றாள் கமலாத்தாள். இருவரும் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். ஒருவர் வாயைத் திறந்தால் போதும், ஒருவரும் திறக்கவில்லை. கௌலத் திரும்பி வரும்போது, வரும் கிளினிக்கில் எப்படியாவது குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

கிளினிக் நாள் வருமுன்னே ஆனந்தியின் போன் வந்தது.

“ஏனுங்க, கமலாத்தாக்கா ஆட்டுப்பட்டியில உளுந்துட்டாங்க. சித்த வெரசா வாங்க.”

கௌலத் போனபோது கமலாத்தாளைக் கயிற்றுக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். நெற்றி புடைத்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கையும் காலும் கட்டைபோல விறைத்திருக்க, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்க முயன்றாள், கை பாதியிலேயே நின்றுவிட்டது. கௌலத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். ஆனந்தியை வெளியே இருக்கச் சொன்னாள்.

“அக்கா, அந்த மாத்திரைய முழுசாச் சாப்டீங்களா?”

“சாப்டாமங்க? நீங்க டாக்டருகிட்டச் சொல்லி வாங்கியாந்தது. சாப்டாட்டி அட்டையப் பாத்தே கண்டுபுடிச்சுருவீங்களே.”

“சத்தம் எதுவும் கேக்கலதானுங்க?”

கமலாத்தாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“கேக்கலீங்க” என்றாள் கடைசியில்.

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க்கா.”

கமலாத்தாள் தலையைத் திருப்பினாள். விறைத்த கழுத்து திரும்ப நேரமெடுத்தது. கௌலத்தின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“தெரிஞ்சுமுங்களா குடுத்தீங்க?”

கௌலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நானும் இங்க வந்துட்டே இருக்கணும்னு நெனச்சேனுங்க்கா” என்றாள். “எனக்கும் வேற போக்கிடம் இல்லீங்க.”

கமலாத்தாளுக்குக் கோபம் வந்ததா, இரக்கம் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மருந்து அந்த முகத்தை அப்படி இறுக்கி வைத்திருந்தது.

அங்கிருந்தே கௌலத் டாக்டருக்குப் போன் செய்தாள். உள்ளது உள்ளபடி சொன்னாள். டாக்டர், மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னார். மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்.

ஜீப்புக்குக் காத்திருக்கும்போது ஆனந்தி வேலிப்பக்கம் நின்றிருந்த ஸ்கூட்டரைக் காட்டினாள். “ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. இந்த வண்டி இங்க நிக்கற வரைக்கும் ஊர்ல ஒரு சனம் இந்த ஊட்டுப்பக்கம் வராதுங்க. அக்காளுக்கு இன்னும் சரியாகலன்னு நெனைக்கறாங்க. நா வேலைக்குக் கூப்புடச் சொன்னாக்கூட, மாத்தரக்காரம்மா வர்றது நிக்கட்டும், அப்பறம் பாக்கலாங்கறாங்க.”

தான் வருவதால்தான் வேறு யாரும் வருவதில்லை என்பதை கௌலத் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. அந்த ஸ்கூட்டரை அப்போதே அங்கிருந்து தள்ளிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது.

டாக்டர் ஜோமோள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இத்தா, நான் உங்க காத வச்சுத்தான் கேக்கேன்” என்று மட்டும் சொன்னார். “அவங்களுக்குச் சரியாவுற வரைக்கும் நீங்களே போயிப் பாருங்க. பெறகு முடிச்சிருவோம்.” கொஞ்ச நாளைக்கு கௌலத் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை கேட்டார். கௌலத்தும் இரண்டாம் முறை சொன்னாள்.

விறைப்பு விட மழைக்காலம் பாதி ஆயிற்று. கமலாத்தாள் பழையபடி ஆட்டுக்குத் தழை ஒடித்தாள், தேங்காய் பொறுக்கினாள். கடைசி வியாழனன்றும் அரிசிம்பருப்புதான். கௌலத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னாள். காரணத்தையும் சொன்னாள், ஸ்கூட்டரைப் பற்றியும் சொன்னாள்.

“திரும்பவும் சத்தம் வந்தா ஒடனே போன் பண்ணுங்க்கா. நிஜமா வந்தா.”

கமலாத்தாள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

“வராட்டிங்க?”

வராவிட்டால் கூப்பிட வேண்டியதில்லை. விதி அதுதான். கௌலத் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“வராட்டி வியாழக்கெழம மத்தியானம் ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் எடுக்க மாட்டேன். கமலாக்கா நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறேன். எதாச்சும் சரியில்லாட்டி மறுக்கா அடிங்க, எடுத்துருவேன்.”

“நல்லா இருந்தா எடுக்க மாட்டீங்க.”

“எடுக்க மாட்டேனுங்க.”

“சரீங்க அம்மிணி” என்றாள் கமலாத்தாள். வழியனுப்ப வேலிவரை வரவில்லை.

வியாழன்தோறும் மத்தியானம் கௌலத்தின் போன் அடித்தது. எங்கேயாவது ஒரு வீட்டில் யாருக்காவது மாத்திரையை விளக்கிக்கொண்டிருப்பாள். போன் அடிக்கும், அவள் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பாள். “எடுங்கம்மா, அவசரமா இருக்கப்போகுது” என்பார்கள். “அது எடுக்கற போன் இல்லீங்க” என்பாள். முதலில் இரண்டு மணியோடு நின்றது. போகப்போகக் கமலாத்தாள் கடைசிவரை அடிக்கவிட்டாள். கௌலத்தும் கடைசிவரை கேட்டாள். கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். எடுத்தால் பேசுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஆனாலும் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு வியாழன் போன் அடிக்கவில்லை.

கௌலத் அன்று வேலந்தாவளத்தில் இருந்தாள். மத்தியானம் தாண்டியது. டவர் இல்லையோ என்று சாலைக்கு வந்து நின்றாள். டவர் இருந்தது. ஆனந்திக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி விழுந்துவிட்டாளா, கதவைச் சாத்திக்கொண்டு காதில் பஞ்சை வைத்து உட்கார்ந்துவிட்டாளா, நான் குடுத்த மருந்துதான் எங்கேயாவது கோளாறு பண்ணிவிட்டதா என்று மனசு கண்டதையும் காட்டியது. நேரே போனால் வண்டியை ஊர் பார்க்கும். பார்த்தால் பார்க்கட்டும் என்று எருத்தேன்பதி சாலையில் பாதி தூரம் ஓட்டிவிட்டாள். பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கமலாத்தாளின் நம்பருக்கே அடித்தாள். அவள் அந்த நம்பருக்கு அடிப்பது அதுதான் முதல்முறை.

வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது ஒரே சத்தம். பெண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ பலமாகச் சிரித்தார்கள்.

“ஆருங்க?”

“அக்கா, நான் கௌலத்.”

“அம்மிணியா? ஏனுங்க, எதாச்சும் சோலிங்களா?”

“இல்லீங்க்கா, இன்னைக்கு வியாழக்கெழம. போன் வரலைன்னு…”

“இன்னைக்கு வியாழனுங்களா?” என்றாள் கமலாத்தாள். “மறந்தே போச்சுங்க. ஆனந்தி தொழிலுறப்புன்னு அந்த நூறு நாள் வேலைக்குக் கூட்டியாந்துட்டா. நாலு நாளா வாய்க்கா வெட்டறோமுங்க. இப்பத்தான் சோத்துக்கு உக்காந்தோம்.” பக்கத்தில் யாரோ ஊறுகாய் கேட்டார்கள். “இந்தா, எடுத்துக்க” என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு வந்தாள். “அப்பறமேட்டுக்குக் கூப்புடட்டுங்களா அம்மிணி?”

“சரிங்க்கா. சாவகாசமாக் கூப்புடுங்க.”

வைத்துவிட்டாள்.

கௌலத் புளியமரத்தடியில் நின்று அழுதாள். சந்தோஷ அழுகையா என்று கேட்டால் பாதிதான். அந்த வேலையில் இதைவிடப் பெரிய வெற்றி ஒன்று கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் அழுகை நிற்கவில்லை. மாட்டுவண்டி ஒன்று கடந்துபோனது, வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். வேலந்தாவளத்தில் இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது.

கமலாத்தாள் அப்புறம் கூப்பிடவில்லை. அடுத்த வியாழனும் கூப்பிடவில்லை, அதற்கடுத்த வியாழனும் இல்லை. கௌலத்தும் கூப்பிடவில்லை. ஆனால் வியாழக்கிழமை மத்தியானமானால், எந்த வீட்டில் இருந்தாலும், போனைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

“ஆராச்சும் கூப்புடறேன்னாங்களா அம்மா?” என்று கேட்பார்கள்.

“இல்லீங்க” என்பாள் கௌலத். “கூப்பிடாம இருந்தா நல்லதுங்க.”